ஆலைச் சங்கு முதல் அலைபேசி வரை

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், பெரம்பூர்ப் பகுதியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஒழுங்குற அமைந்த முதல் இந்தியத் தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் அதனைக் குறிக்கின்றன. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் நெசவுத் தொழிலாளரே அதன் உயிர்நாடி. பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் அதனைத் தோற்றுவிக்க அயராது உழைத்தவர்கள். இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகள். ஆனால் அச்சங்கம் எவ்வாறு முளைத்தது என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. வேங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபை என்ற சமய அவையொன்று அப்பகுதியில் இயங்கிவந்தது. வேலை முடிந்த ஓய்வு வேளையில் அங்கே சொற்பொழிவு கேட்கத் தொழிலாளர் கூடினர். கூடியவர்கள் பேசினர், பேசியவர்கள் தம் துன்பம் தமக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்ந்தனர். அந்த உணர்விலிருந்து சங்கம் எழுந்தது. இறைவனைப் பற்றிக் கேட்க ஒதுக்கிய சிறு பொழுதே மனிதனின் உரிமையைப் பற்றிச் சிந்திக்கும் பொழுதாகவும் மலர்ந்தது எனலாம்.

ஓய்வு நேரத்தின் மதிப்பை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அந்த நேரம் மக்களுக்கு எவ்வாறு கிடைத்தது, பின்னர் எவ்வாறு கைநழுவியது என்ற வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வென்றெடுத்த ஒரு நாள்

சங்கம் பிறந்த நாளில் நடைமுறையிலிருந்த 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலையில் வளர்ந்த ஆண்மகனை நாளொன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க இடம் தந்தது. நண்பகல் உணவுக்கு அரை மணிப் பொழுதே இருந்தது. அதனை நீட்டித் தர வேண்டும் என்பது சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று. சோறு உண்ணச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கேட்டவர்களிடமிருந்தே இந்நாட்டின் தொழிற்சங்க வரலாறு தொடங்குகிறது.

அதன்பின் படிப்படியாக மாற்றம் வந்தது. 1922ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்று வரம்பு கட்டியது. 1934இல் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு அது 10 மணி, 54 மணி எனக் குறைந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என வகுத்தது. வாரம் ஆறு நாள் என்று கணக்கிட்டால், 1911இன் 72 மணி 1948இல் 48 ஆயிற்று. குறைந்தது 24 மணி, அதாவது ஒரு முழு நாள். முதலாளிகள் மனமுவந்து இதனைத் தந்துவிடவில்லை. வேலைநிறுத்தங்கள், கதவடைப்புகள், துப்பாக்கிச் சூடு, பட்டினி ஆகியவற்றைத் தாங்கித் தொழிலாளர் வென்றெடுத்த நாள் அது.

திருச்சபையும் இப்போராட்டத்திற்கு அயலாய் இருக்கவில்லை. 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோ) தொழிலாளர் நிலை பற்றிய தம் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். நியாயமான கூலியோடு ஓய்வு நாளையும் அவர் அதில் தொழிலாளரின் உரிமையாகக் கூறினார். அதே 1891ஆம் ஆண்டில்தான் இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டம், ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை என்று முதன்முதலாக விதித்தது.

இவ்வாறு கிடைத்த மாலைப் பொழுதையும் விடுமுறை நாளையும் நாடி ஒரு புதிய தொழில் வந்தது.

கூடாரத்தில் வந்த கிறிஸ்து

தென்னகத்தில் படக்காட்சி பரவிய வரலாறு நமக்கு நெருக்கமானது. திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டு டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். அதனுடன் வந்த படங்களுள் ஒன்று இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைச் சுமந்து ஊர் ஊராய்ச் சென்றார் வின்சென்ட். திருச்சி, சென்னை எனத் தொடங்கிய பயணம் இலாகூர், பெசாவர், இரங்கூன் வரை நீண்டது. தமிழ் மண்ணின் எளிய மக்கள் பலர் அசையும் படத்தில் முதலில் கண்ட முகங்களுள் நம் மீட்பருடைய முகமும் ஒன்று என்பதை நன்றியோடு நினைவு கொள்கிறோம். கருவி தன்னளவில் தீயது என்று நாம் கருதுவதற்கில்லை.

கூடாரம் நிலையான கொட்டகையாயிற்று. வடசென்னையில் இரகுபதி வெங்கையா தங்கசாலைத் தெருவில் கிரௌன் திரையரங்கை எழுப்பினார். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' ஏழுகிணறுப் பகுதியிலிருந்த கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது; முருகன் டாக்கீஸ் என்று பின்னாளில் பெயர் பெற்ற அரங்கு அது. படச்சுருள் அடங்கிய பெட்டியை மக்கள் மலர் தூவி, தேங்காய் உடைத்து ஊர்வலமாக எடுத்துச் சென்றனர் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தெய்வத் திருமேனிக்குரிய மரியாதை தகரப் பெட்டிக்குக் கிடைத்தது. வரப்போவதன் முன்னறிகுறியாக அதனைக் கொள்ளலாம்.

எனினும் கொட்டகையை இகழ்ந்த அக்கால மேட்டுக்குடியினரோடு நாமும் சேர்ந்துகொள்ளலாகாது. தமிழர் அனைவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கமே என்று 1981இல் வெளிவந்த தம் ஆய்வில் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். அங்கே பிறப்பு இருக்கையைத் தீர்மானிக்கவில்லை. கையிலிருந்த காசு தீர்மானித்தது. நாள் முழுதும் தறியின் முன் நின்றவன் இரண்டரை மணி நேரம் சிரித்துக் கண்ணீர் விட்டு வீடு திரும்பியதைக் குற்றமெனச் சொல்ல நமக்கு உரிமையில்லை. திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1936ஆம் ஆண்டு திரைப்படம் பற்றி வெளியிட்ட சுற்றுமடலிலும், நவீனத் தொழிலின் களைப்பில் உழல்வோருக்குப் பொழுதுபோக்கு இன்றியமையாதது என்பதை ஒப்புக்கொள்கிறார்.

காட்டுவதும் கட்டிவைப்பதும்

சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த அதே 1918இல் இந்தியத் திரைப்படச் சட்டமும் பிறந்தது. 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, இரங்கூன் நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. அரசு கேட்ட கேள்வி ஒன்றே: திரையில் என்ன காட்டப்படுகிறது? திருச்சபையும் பெரும்பாலும் இதே கேள்வியைத்தான் கேட்டது. எது காணத் தகும், எது தகாது என்று படங்களைத் தரம் பிரித்தது. தேவையான பணிதான். ஆனால் திரைத்தொழில் அதே காலத்தில் வேறொரு கலையைக் கற்றுக்கொண்டிருந்தது. பார்ப்பவனை எப்படிப் போகவிடாமல் பிடித்து வைப்பது, போனவனை எப்படி மீண்டும் வரவழைப்பது என்பதே அக்கலை.

1913ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு படநிறுவனமும் ஒரு நாளிதழும் கைகோத்தன. ஒரே கதையைத் தொடராகப் படம் எடுத்துத் திரையிடுவது, அதனையே நாளிதழிலும் தொடராக அச்சிடுவது என்பது ஏற்பாடு. ஒவ்வொரு பகுதியும் கதைத்தலைவி ஆபத்தில் தொங்கும் தறுவாயில் நின்றுவிடும். படத்துக்குக் கூட்டமும் இதழுக்கு விற்பனையும் பெருகின. இத்தகைய தொடர்படங்கள் பேசாப்பட நாள்களில் சென்னைக்கும் வந்தன. எடி போலோ என்ற அமெரிக்கச் சண்டை நடிகர் நம் கொட்டகைகளில் பெரும்புகழ் பெற்றிருந்தார். தணிக்கையாளர் கத்தரிக்கக்கூடிய ஆபாசம் இதில் ஏதுமில்லை. முடிக்காமல் நிறுத்துவது என்ற உத்தி மட்டுமே இருந்தது. அந்த உத்தி எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை.

பின்னர் நடிகரின் பிம்பமே கொக்கியாயிற்று. வடசென்னையின் கொட்டகை வாயில்களில் ஆளுயர உருவங்கள் எழுந்தன. இரசிகர் மன்றங்கள் கிளைத்தன. கூலி வாங்கிய கை நுழைவுச்சீட்டுக்கு நீண்டது. ஏழைகளின் கனவை மூலப்பொருளாகக் கொண்டு எவ்வாறு ஓர் அரசியல் பிம்பம் உருவாக்கப்பட்டது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய ஆங்கில நூல் ஆராய்ந்தது. பின்னர் அது தமிழில் 'பிம்பச் சிறை' என்றே பெயர் பெற்றது. சிறை என்ற சொல் ஆழ்ந்து எண்ணத்தக்கது.

கூடம் வீட்டுக்குள் வந்தது

திரையரங்கத்திற்கு ஓர் எல்லை இருந்தது. படம் முடியும், விளக்கு எரியும், வீடு திரும்பியாக வேண்டும். தொலைக்காட்சி அந்த எல்லையை அழித்தது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது; 1976இல் தூர்தர்சனில் விளம்பரம் நுழைந்தது; 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. 1999இல் தொடங்கிய 'சித்தி' போன்ற நெடுந்தொடர்கள் மாலை வேளையின் ஒழுங்கையே மாற்றின. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. குடும்ப செபமாலைக்குரிய பொழுது எத்தனை இல்லங்களில் தொடருக்கு இடம் தந்து ஒதுங்கியது என்பதை நம் பங்குகள் நன்கறியும்.

இங்கே வணிகமும் தலைகீழாக மாறியது. திரையரங்கில் நாம் வாங்குபவர், படம் சரக்கு. தொலைக்காட்சியில் விளம்பரதாரரே வாங்குபவர்; நம் கவனமே சரக்கு. இவ்வுண்மையை டல்லாஸ் ஸ்மைத் என்ற கனடா நாட்டு அறிஞர் 1977இல் விளக்கி எழுதினார். பார்வையாளர் விற்கப்படுகின்றனர், ஓய்வு என்று அவர்கள் எண்ணும் நேரம் உண்மையில் பிறருக்கு வருவாய் ஈட்டும் உழைப்பு என்பது அவர் கருத்தின் சாரம். கூலியில்லாத இரண்டாம் பணிமுறை என்று இதனைப் பெரம்பூர் மொழியில் சொல்லலாம்.

புறாவும் விரலும்

பி.எப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலார் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகளின் முடிவை 1957இல் பெர்ஸ்டருடன் இணைந்து நூலாக வெளியிட்டார். ஒரு பொத்தானைக் கொத்தினால் இத்தனை முறைக்கு ஒருமுறை தீனி என்று உறுதியாகத் தெரிந்தால், தீனி பெற்றதும் புறா சற்று ஓய்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி தீனியை மாற்றி மாற்றித் தந்தால் இடைவிடாது கொத்துகிறது; தீனி நின்றபின்னும் நெடுநேரம் கொத்துகிறது. சூதாட்ட இயந்திரங்கள் இயங்குவது இந்த விதியின்படியே. அலைபேசித் திரையை விரலால் தள்ளுவதும் இதே விதியைச் சார்ந்ததே. பத்துக் காணொளிகள் சலிப்பூட்டும், பதினோராவது சிரிக்கவைக்கும். அந்தப் பதினோராவதற்காக விரல் ஓயாமல் கொத்துகிறது.

2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கம் முடியாமல் நீண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். அதன் விளைவு கண்டு பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். 2017இல் நெட்பிளிக்ஸ் நிறுவனத் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்களுக்குப் போட்டியாளர் மனிதரின் தூக்கமே என்ற கருத்தைச் சொன்னார். அதே ஆண்டு, பேஸ்புக்கின் முதல் தலைவர் சான் பார்க்கர், மனித உளவியலின் பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்தினோம் என்று ஒப்புக்கொண்டார். நிறுவனத்தார் தாமே சொன்ன சான்றுகள் இவை. அடிமைப்படுவோரின் மனவலிமைக் குறைவு மட்டுமே காரணம் என்று அறிவுரை கூறுவோர் இவற்றை மறந்துவிடலாகாது. ஒரு பக்கம் களைத்துப்போன ஒரு தனிமனிதன். மறுபக்கம் அவனைப் பிடித்து வைப்பதற்கென்றே சம்பளம் பெறும் பல்லாயிரம் வல்லுநர்கள்.

தூய அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலில் அலிப்பியுஸ் என்ற நண்பரின் கதையைச் சொல்கிறார். உரோமையின் குருதி விளையாட்டுகளை வெறுத்த அவரை நண்பர்கள் வலிந்து அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். உடல் அங்கிருந்தாலும் உள்ளத்தைத் தரமாட்டேன் என்று அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். திடீரெனக் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒரு கணம் கண் திறந்தார், அக்கணமே வீழ்ந்தார். பின்னர்த் தாமே விரும்பி வந்ததோடு, மற்றவரையும் அழைத்து வந்தார். கண்ணை மூடியவர் காதை மூடவில்லை என்பதே அகுஸ்தீனார் காட்டும் நுட்பம். தன் வலிமையையே நம்பியவர் அவர். மீட்டது இறையருள் என்கிறார் ஆயர். இன்று அந்த ஆர்ப்பரிப்பு நம் சட்டைப்பையில் அறிவிப்பு ஒலியாக நொடிக்கு நொடி எழுகிறது.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் சூதினை 94ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். உடம்புக்குள் செல்லும் பொருளும், கண்ணும் கையும் ஈடுபடும் ஆட்டமும் ஒரே வகையில் மனிதனை ஆளும் என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகிறது. அதனையடுத்து வருவது மருந்து என்னும் அதிகாரம்.

சட்டம் மீண்டும் மணிக்கணக்குப் பார்த்தது

இணையவழிச் சூதால் பொருளிழந்து உயிர் மாய்த்துக்கொண்டோர் பற்றிய செய்திகள் தமிழகத்தை உலுக்கின. 2022இல் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. 2023இல் சட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை நீக்கியது. 2025 பிப்ரவரியில் வெளியான விதிமுறைகளோ புதிய பாதையில் சென்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை எவரும் நுழையலாகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை தோன்ற வேண்டும். 2025 ஜூன் 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் இவ்விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை இயற்றியது.

இவற்றுள் நள்ளிரவு விதியே நம் சிந்தனையை ஈர்க்கிறது. நூறாண்டுக் காலம் என்ன காட்டுகிறாய் என்று மட்டும் கேட்ட சட்டம், எத்தனை மணி நேரம் பிடித்து வைக்கிறாய் என்று இப்போது கேட்டது. ஆலையை நோக்கி 1911இலும் 1922இலும் கேட்ட அதே கேள்வி இது. ஆலை ஒரு மனிதனின் நேரத்துக்கு எல்லையின்றி உரிமை கொண்டாட முடியாது என்றால், ஆட்டமும் கொண்டாட முடியாது. ஆனால் பணம் வைக்காத காணொளிக்கும் தொடருக்கும் இவ்விதிகள் எல்லை வகுக்கவில்லை.

பார்வோனும் ஓய்வு நாளும்

ஓய்வு நாள் கட்டளையை விவிலியம் இருமுறை தருகிறது. விடுதலைப் பயண நூலில் அதற்குக் காரணம் படைப்பு: ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். இணைச்சட்ட நூலிலோ காரணம் விடுதலை: எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைவில் கொள்ள வேண்டும். அடிமைக்கு ஓய்வு நாள் இல்லை. ஓய்வு நாள் உடையவன் அடிமை இல்லை. வழிபாட்டுக்குச் செல்ல விடுப்புக் கேட்ட மக்களைச் சோம்பேறிகள் என்று ஏசிய பார்வோன், வைக்கோல் தராமலே அதே அளவு செங்கல் கேட்டான். ஓய்வு கிடைத்தால் இவர்கள் கூடுவர், கூடினால் வழிபடுவர், வழிபட்டால் விடுதலை கேட்பர் என்பதை அவன் அறிந்திருந்தான். 1918இல் பெரம்பூரில் நடந்ததும் அதுவே அன்றோ!

பார்வோன் ஓய்வை வேலையால் அழித்தான். இக்காலத்து வணிகம் ஓய்வை ஓய்வின் பெயராலேயே அழிக்கிறது. அதனால்தான் அதனை எதிர்ப்பது கடினம். மேலும் இன்று உணவு கொண்டு செல்லும் இளைஞனுக்கு ஆலைச் சங்கும் கொட்டகைத் திரையும் ஒரே அலைபேசிதான். அடுத்த வேலைக்காகக் காத்திருக்கும் இடைவேளையிலும் அதே திரையைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறான். அலைபேசியை எறிந்துவிடு என்று அவனுக்கு உபதேசிப்பது, அவனது சோற்றை எறியச் சொல்வதாகும். 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ, தம் பெயர்த் தேர்வை விளக்கும்போது 13ஆம் சிங்கராயரையும் அவர் காலத்துத் தொழிற்புரட்சியையும் நினைவுகூர்ந்து, செயற்கை நுண்ணறிவு எழுப்பும் புதிய புரட்சியைச் சுட்டினார். தொழிலாளர் கேள்வியும் கருவிகளின் கேள்வியும் ஒன்றே என்பதை இது தெளிவாக்குகிறது.

பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. தண்டையார்பேட்டையில் 1967இல் எழுந்த அகஸ்தியா 2020இலும், பெரம்பூரில் 1985இல் திறந்த பிருந்தா 2025இலும் கதவடைத்தன. சங்கும் இல்லை, கொட்டகையும் இல்லை; வேலை முடிந்தது என்று அறிவிக்கும் ஒலியும் படம் முடிந்தது என்று எரியும் விளக்கும் போய்விட்டன. முடிவை இனி நாமே கூடி வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கு நம்மிடம் மரபு உண்டு. 1841இல் தூரின் நகரத்து ஏழைச் சிறுவரைத் திரட்டிய தூய தொன் போஸ்கோ, பொழுதுபோக்கை விலக்கவில்லை. வித்தை காட்டினார், பாடச் செய்தார், உடன் விளையாடினார். அவர் தந்தது தோழமையுள்ள பொழுதுபோக்கு. வடசென்னைக்கும் இது புதிதன்று. வியாசர்பாடியின் கால்பந்துத் திடல்களும், தெருமுனைக் கேரம் மன்றங்களும் இன்றும் உயிரோடிருக்கின்றன. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்த வடசென்னை மண்ணின் மகள். கேரம் பலகையில் ஆட்டம் முடிவுக்கு வருகிறது. எதிரே ஒரு முகம் இருக்கிறது.

நம் அன்பியங்கள் வாரத்தில் ஒரு மாலையைத் திரையின்றிக் கூடுவதற்கு ஒதுக்கலாம். இல்லங்களில் உணவு வேளையும் செப வேளையும் அலைபேசி நெருங்காத வேளைகளாகலாம். பங்குகள் தம் திடல்களையும் கூடங்களையும் மாலையில் பூட்டாமல் இளையோருக்குத் திறந்துவைக்கலாம். திருச்சபையின் ஊடகங்களும், எத்தனை பேர் பார்த்தனர் என்பதோடு பார்த்தவர் அதன்பின் யாரைச் சந்திக்கச் சென்றனர் என்பதையும் கேட்கலாம். இவற்றோடு, நேர வரம்புக்கான சட்டங்களை வலியுறுத்துவதும் நம் கடமை. 48 மணி நேர வாரத்தைத் தனிமனித மனவுறுதி பெற்றுத் தரவில்லை, சங்கம் பெற்றுத் தந்தது.

உண்ணவும் நேரமின்றி மக்கள் நடுவே உழைத்த சீடரைத் தனிமையான ஓரிடத்திற்கு அழைத்துச் சென்று இளைப்பாறச் சொன்னார் இயேசு. கெத்சமனியில் அவர்களிடம் ஒரு மணி நேரம் விழித்திருக்கக் கேட்டார். சங்கத்தை ஈன்ற ஓய்வு வேளையும் அத்தகையதொரு மணி நேரமே. அதனை நம் பிள்ளைகளுக்குக் குறைவின்றி ஒப்படைப்பது நம் பொறுப்பாகும்.